மோரிப்பில் தங்கம் அரிக்கக் கூப்பிட்டால் போகாதீர்கள்

மலேசியாவில் சிலாங்கூர்க் கரையோரம் பந்திங், ஜெஞ்சாரோம், தெலுக் பங்ளிமா காராங் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. மோரிப் கடற்கரையில் குடும்பத்தோடு தங்கம் அரிக்கலாம், கிடைப்பது உங்களுக்கே என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருக்கும். கீழே பச்சை நிற பிளாஸ்டிக் தட்டில் ஆறேழு மஞ்சள் பொடி மின்னும் படம். நான் அதை நம்பிப் போனேன். பயணத்துக்கு 150, சாமான் செட்டுக்கு 980, மணல் மூட்டை இரண்டுக்கு 600. ஆக 1,730 வெள்ளி (ரிங்கிட்). என் மச்சானுக்குப் போனது தனிக் கணக்கு. அவர் இன்னும் வீட்டில் முழுத்தொகையைச் சொல்லவில்லை, அதனால் நானும் இங்கே எழுதவில்லை.

நான் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா வெளிக்காட்டு வேலை. நான் செம்பனை ஆலை ஒர்க்‌ஷாப்பில் 26 வருடமாக லேத்தில் நிற்கிறேன். இடது கட்டை விரல் நகம் நடுவில் பிளந்து வளர்வது அந்த வேலையில் வாங்கிய பரிசு. இரும்பு, பித்தளை, வெண்கலம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஒரு மிதப்பு உண்டு எனக்கு. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

விளக்கக் கூட்டம் என்று ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் இருபது பேரை உட்கார வைத்தார்கள். பேசிய தம்பிக்கு முப்பது வயது இருக்கும். எல்லாரையும் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிட்டார். நல்ல தமிழ், கையில் லேப்டாப். பழங்காலக் கிரேக்க நிலவியலாளர் தாலமி இந்த நாட்டைப் பொன் தீபகற்பம் என்று எழுதியதில் ஆரம்பித்தார். ரவூப் என்ற ஊர்ப்பெயரே மலாயில் கையால் அள்ளுவது என்ற சொல்லிலிருந்து வந்தது, அள்ளிய மண்ணிலெல்லாம் தங்கம் இருந்ததாம், 1889-இல் ஆஸ்திரேலியக் கம்பெனி வந்து சுரங்கம் தோண்டியது என்றார். அப்புறம் அலாஸ்காவில் நோம் என்ற ஊர். 1898-இல் அங்கே ஓடையில் தங்கம் கண்டார்கள், அடுத்த வருடம் கடற்கரை மணலிலேயே கண்டார்கள், ஆயிரக்கணக்கானோர் கரையோரம் கூடாரம் அடித்துச் சலித்தார்கள். நியூசிலாந்தின் மேற்குக் கரையில் ஹொக்கிட்டிக்கா பக்கம் இன்றைக்கும் சாதாரண ஜனங்கள் விடுமுறையில் போய்த் தட்டும் மண்வெட்டியுமாகத் தங்கம் அரிக்கிறார்கள், அரசாங்கமே அதற்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறது என்று வீடியோ போட்டுக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அத்தனையும் உண்மை. அதனால்தான் விழுந்தேன். அந்தக் கூட்டத்தில் தம்பி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எல்லாம் வேறு ஊரைப் பற்றிய உண்மை. மோரிப்பில் தங்கம் இருக்கிறது என்று அவர் வாயைத் திறந்து சொல்லவே இல்லை என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மலைத்தங்கம் ஆற்றில் வந்து கடலில் சேரும், அலை அடித்து அடித்து லேசான மணலைக் கொண்டுபோய்விடும், கனமான கருமணலோடு தங்கம் தங்கிவிடும் என்றார். சரி. அடுத்த படத்தில் மோரிப் போட்டோவைப் போட்டார். நடுவில் இருந்த பாலத்தை நாங்களே கட்டிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மோரிப்பில் இறங்கினோம். அந்தக் கடலைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வற்றினால் தண்ணீர் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும், சேறு மட்டும் கிடக்கும். கிள்ளான் துறைமுகப் பக்கம் பெருக்கு நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நான்கு மீட்டர் அளவு வித்தியாசம் வரும். அவர்கள் அந்த அட்டவணையைப் பார்க்கவே இல்லை போல. பத்து மணிக்கெல்லாம் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. அறுபது தாண்டிய ஒரு ஐயா முழங்கால்வரை சேற்றில் மாட்டிக்கொண்டார். மச்சானும் நானும்தான் இழுத்து வெளியே போட்டோம், ஒரு செருப்பு அங்கேயே போச்சு. ஏற்பாட்டுக்காரர்களில் ஒருவர்கூடக் கிட்டே வரவில்லை. நான் அப்போதே கிளம்பியிருக்க வேண்டும்.

ஆனால் அதற்குமுன் செய்முறை காட்டியிருந்தார்கள். ஒரு வாளி மணலைத் தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு, அலசி அலசி மேல்மணலைத் தள்ளினார். கடைசியில் ஒரு கைப்பிடி கருமணல். காந்தத்தை மேலே காட்டினார், கொஞ்சம் ஒட்டியது. எல்லாரும் ஆ என்றோம். இரும்புத் தாது காந்தத்தில் ஒட்டாமல் வேறு எதில் ஒட்டும்? பிறகு இன்னும் இரண்டு சுற்று. தட்டின் ஓரத்தில் ஆறு மஞ்சள் பொடி. என் கையில் தட்டைக் கொடுத்து, "அண்ணே, சிரிங்க" என்று படம் எடுத்தார்கள். நான் சிரித்தேன்.

அந்தத் தம்பி தட்டை அலசும் நேரம் முழுக்க வாயில் சிகரெட் வைத்திருந்தார். சாம்பல் தட்டில் விழுந்ததையும் பார்த்தேன். சிகரெட் சாம்பலோடு தங்கப்பொடியைத் தட்டில் உதிர்ப்பது, நகத்துக்குள் ஒளித்து வைத்து விரலால் கலக்குவது எல்லாம் சுரங்க மோசடியில் நூறு வருடப் பழக்கமாம், பின்னால்தான் படித்தேன். இவரும் அப்படித்தான் செய்தார் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அன்றைக்கு இருபது பேர் அரித்தோம், அவர் தொட்ட தட்டுகளில் மட்டும்தான் மஞ்சள் தெரிந்தது.

"உங்களுக்குக் கை இன்னும் பழகல அண்ணே" என்று சொல்லித்தான் சாமான் செட்டை விற்றார்கள். உலோகம் கண்டுபிடிக்கும் கருவி ஒன்று, பச்சைத் தட்டு, ஓடும் தண்ணீரில் மணலை அலசும் நீளத் தகரத்தொட்டி, பொடியை உறிஞ்சி எடுக்கும் சின்னக் குப்பி. இதில் அந்தக் கருவிதான் பெரிய கூத்து. கடற்கரைத் தங்கம் என்பது மாவு மாதிரி. தண்ணீர் மேலேயே மிதந்து போய்விடும், அதனால் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார், அதுவும் உண்மைதான். அந்த மாவை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. கடற்கரையில் கருவி வைத்துத் தேடுகிறவர்கள் தேடுவது யாரோ தொலைத்த மோதிரத்தையும் சில்லறையையும். அதற்கும்கூட, ஒரே அலைவரிசையில் ஓடும் மலிவுக் கருவி உப்புத்தண்ணீர் ஊறிய மணலில் சும்மா சும்மா கத்தும், ஏனென்றால் உப்புநீரே மின்சாரத்தைக் கடத்தும். ஈர மணலுக்கு என்று பல அலைவரிசைக் கருவியும், பல்ஸ் முறையில் ஓடும் கருவியும் தனியாக உண்டு, விலை எங்கேயோ இருக்கும். எனக்குக் கிடைத்தது மணலில் வைத்த நிமிடத்திலிருந்து கோழி மாதிரி கொக்கரித்தது. "பாருங்க அண்ணே, எவ்வளவு சிக்னல்!" என்றார். ஒரு பாட்டில் மூடியும் ஒரு தூண்டில் ஈயக்குண்டும் எடுத்தேன்.

கடைசியாக மூட்டை. கடல் ஒத்துழைக்காத நாட்களில் வீட்டிலேயே அரிக்கலாம், ஏற்கெனவே சலித்துக் கனமாக்கிய மணல், மூட்டைக்குக் குறைந்தது ஒரு கிராம் உறுதி, ஒரு மூட்டை 300 வெள்ளி. தங்கம் விற்கிற விலைக்கு ஒரு கிராமை 300-க்கு ஏன் கொடுக்கிறான், அவனே அரித்து விற்கலாமே என்று கேட்கத் தோன்றவில்லை. இடைநிலைப் பள்ளியில் படிக்கிற என் மகள் அன்று இரவே கேட்டாள். சின்னப் பிள்ளை பேசாதே என்றேன்.

மூட்டையைப் பிரித்துத் துணி துவைக்கும் இடத்தில் அரித்துப் பார்த்தேன். மஞ்சள் வந்தது, நிறையவே வந்தது. எனக்குக் கை நடுங்கியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தட்டை வாங்கி, இடுப்பில் முந்தானையைச் சொருகிக்கொண்டு, இரண்டு ஆட்டு ஆட்டினார். தோட்டத்தில் கல்லோடு வந்த ரேஷன் அரிசியை அரித்து வளர்ந்த கை. அரிசி மேலே வரும், கல் அடியில் நிற்கும், தங்கம் அரிப்பதும் அதே வித்தைதான். தட்டைச் சாய்த்து மெல்லத் தண்ணீர் விட்டால் கருமணல் முன்னால் நகர வேண்டும், தங்கம் பின்னால் வால் மாதிரி ஒட்டி நிற்க வேண்டும்.

"என்னங்க, இது மண்ணோடயே ஓடுதே. தங்கம்னா அடியில கெடக்கும்னு சொன்னீங்க?"

சுத்தத் தங்கம் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனம். கருமணல் நாலரை, ஐந்து மடங்குதான். கூடவே ஓட வேண்டிய அவசியமே இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன். சில துணுக்குகள் கண்ணாடி மாதிரி தகடு தகடாக, திருப்பினால் மின்னி, மறுபக்கம் திருப்பினால் அணைந்தன. அது மைக்கா. தங்கம் நிழலில் வைத்தாலும் ஒரே நிறம்தான் காட்டும். மீதியெல்லாம் குட்டிச் சுருள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் வரி வரியாக. பித்தளைச் சீவல். லேத்தில் புஷ் கடையும்போது தினமும் என் காலடியில் விழுகிற குப்பை. தினமும் கூட்டி அள்ளிப் போடுவதை 600 வெள்ளி கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சமாவது கலந்திருக்கும் என்றார். இருவருமாகப் பொடியைப் பொட்டலம் கட்டி, தெரிந்த பத்தரிடம் போனோம். உரைகல் வரைக்கும் போகவில்லை அவர். ஒரு துளி திராவகம் விட்டார். புகைந்து, நுரைத்து, பச்சையாகக் கரைந்தது. தங்கம் அந்தத் திராவகத்துக்கு அசையாது. காசு வாங்கவில்லை, தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். போன மாதம் இதே பொட்டலத்தோடு இன்னும் மூன்று பேர் வந்தார்களாம்.

அந்தக் கருமணல் என்னவென்று எனக்கு இன்னும் ஒரு உறுத்தல். ஈய லம்பங்களில், அதாவது வெள்ளீயச் சுரங்கங்களில், கழித்துப்போடும் அமாங் என்ற மணல் மாதிரி இருக்கிறது. அமாங்கில் இல்மனைட், சிர்கான் என்ற தாதுக்கள் தவிர மோனசைட்டும் இருக்கும், அதில் தோரியம் உண்டு, கதிரியக்கம் உள்ள பொருள். அதுதான் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் மூட்டையைப் பிள்ளைகள் புழங்கும் இடத்திலிருந்து எடுத்துவிட்டேன். வாங்கியவர்கள் நீங்களும் எடுத்துவிடுங்கள். கருமணல் இருந்தால் தங்கம் இருக்கும் என்பது பாதிக் கதை. தமிழ்நாட்டில் மணவாளக்குறிச்சிக் கரை முழுக்கக் கருமணல்தான், அங்கே யாரும் பச்சைத் தட்டோடு உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்படவில்லை.

நம் நாட்டில் தங்கம் பெரும்பாலும் தீபகற்பத்தின் நடுப்பட்டையில்தான் இருக்கிறது. ரவூப், கோல லிப்பிஸ் பக்கம், அப்படியே வடக்கே கிளந்தான். அந்த மலைகளின் தண்ணீர் பகாங் ஆற்றிலும் கிளந்தான் ஆற்றிலும் இறங்கிக் கிழக்கே தென்சீனக் கடலுக்குப் போகிறது. நம் மேற்குப் பக்கம் வெள்ளீயப் பட்டை. லங்காட் ஆறு ஜுக்ரா பக்கம் கொண்டுவந்து கொட்டுவது சேறு. நோமிலும் நியூசிலாந்திலும் புயல் அலை கரையைப் பிய்த்துப் பிய்த்து மணலைப் பிரிக்கிறது. மலாக்கா நீரிணையின் அலைக்கு அந்த வேலை தெரியாது. பந்திங்கில் பிறந்தவன் நான், அந்தக் கடல் அலையைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள், எனக்கு என் ஊர்க் கடலே தெரியவில்லை.

இன்னொன்று. அனுமதி எதுவும் தேவையில்லை என்று சொன்னார்கள். அது முழுப்பொய். கனிமம் மாநில அரசுக்குச் சொந்தம். தேசிய நிலச் சட்டத்தின்படி அரசு நிலத்திலிருந்து அனுமதியில்லாமல் மணலை அள்ளிக்கொண்டு போவதே குற்றம். அன்று நாங்கள் ஏழு வாளி மணலை வண்டியில் ஏற்றினோம். பிடித்திருந்தால் மாட்டியிருப்பது நாங்கள், அந்தத் தம்பி இல்லை.

பணம் திரும்ப வரவில்லை. கேட்ட மறுநாளே என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். காசு போன கணக்கு ஏதோ ஒரு பெண் பெயரில் இருக்கிறது, கம்பெனிக் கணக்கே இல்லை. போலீஸ் ரிப்போர்ட் செய்தேன். மோசடி என்று தெரிந்த உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைத்தால் பணத்தை நிறுத்தப் பார்ப்பார்கள், நான் ஆறு வாரம் கழித்துப் போனேன். காசு அனுப்புவதற்கு முன்னால் கணக்கு எண்ணைப் போலீஸின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் போட்டு, அதன்மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு முத்திரை குத்திய ரசீது, அதிலிருந்த பதிவு எண்ணைத் தேடினால் அப்படி ஒரு வியாபாரமே இல்லை. அவர்களுடைய உண்மையான முகவரி தெரிந்தவர்கள் தனியாக எனக்கு எழுதுங்கள், நான்கு பேர் சேர்ந்து போடத் தயாராக இருக்கிறோம்.

அடுத்த பயணம் போர்ட்டிக்சன் பக்கம் என்று நேற்று புது போஸ்டர் வந்திருக்கிறது. கீழே அதே பச்சைத் தட்டு, அதே ஆறு பொடி. படத்தைப் பெரிதாக்கி இடது ஓரத்தைப் பாருங்கள். நகம் பிளந்த கட்டை விரல் ஒன்று தட்டைப் பிடித்திருக்கும். அது என்னுடையது.