கருப்பு கேஃபர் டேப்: நாடக மேடைக்கு வாங்கலாமா?

மேடைத் தரையில் கேபிளை ஒட்டிவைக்கும் துணி டேப் இது. விலை பேக்கிங் டேப்பைவிடப் பல மடங்கு. இருந்தாலும் வாங்கலாம். வாடகை மேடையை வாங்கியபடியே திருப்பித் தர நினைக்கிற குழுவுக்கு இதைவிட நல்ல டேப் இல்லை.

பருத்தித் துணியின் மேல் பாலித்தீன் பூச்சு, அடியில் பசை; வழக்கமான அகலம் 48 மி.மீ. ராஸ் லோவெல் 1959-இல் சினிமா விளக்கு வேலைக்காக உருவாக்கிய துணி டேப்பின் வாரிசு இது. பளபளக்காது, கையாலேயே நேராகக் கிழியும், உரித்தால் பிசுக்கு விடாது. கடையில் இதே மாதிரி தோன்றும் பளபளப்பான டக்ட் டேப்பையே கேஃபர் என்று தலையில் கட்டிவிடுவார்கள். வெளிச்சத்தில் மின்னினால் அது டக்ட் டேப். விளக்குச் சூட்டில் அதன் பசை இளகித் தரையிலேயே தங்கிவிடும். பிறகு மண்ணெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து துடைக்க வேண்டியதுதான்.

கேபிள் ஒட்டுவதில்தான் பாதிப் பேர் சொதப்புகிறார்கள். முதலில் தரையைப் பெருக்கித் துடைத்துக் காயவிடுங்கள். தூசியில் எந்த டேப்பும் நிற்காது. கேபிளை முறுக்கில்லாமல் நேராகப் போட்டு, மீட்டருக்கு ஒரு துண்டு குறுக்கே ஒட்டி நிறுத்துங்கள். அதன் பிறகே நீளவாக்கில் ஒட்டி, இரு ஓரங்களையும் காலால் அழுத்த வேண்டும். நடிகர்கள் நுழையும் விங் (மேடையின் பக்கவாட்டு மறைவு) ஓரத்தில் ஒரு இடம்கூடத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. இருட்டில் புடவைக்கட்டு அங்கேதான் மாட்டும். கடைசி நுனியை 2 செ.மீ. மடித்துவிட்டால் உரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டாம். உரிக்கையில் டேப்பைத் தரைக்கு நெருக்கமாகப் பின்னோக்கி மடக்கி, மெதுவாக இழுங்கள். கேபிளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் வார்னிஷும் சேர்ந்து வரும், கேபிளின் உள்கம்பியும் அறும்.

செட் சாமான் வைக்கும் இடத்தைக் காட்டும் குறிகளுக்கு 12 மி.மீ. கலர் டேப் தனியாக வாங்குங்கள். நாற்காலியின் பின்கால்கள் இரண்டுக்கு மட்டும் ‘ட’ வடிவில் சின்னக் குறி போதும். முன்கால்களுக்கும் போட்டால் பால்கனியிலிருந்து பளிச்சென்று தெரியும். காட்சிக்கு ஒரு நிறம் வைத்து, மேலே காட்சி எண்ணை எழுதிவிட்டால் புதிதாக வந்த உதவியாளரும் கேள்வி கேட்காமல் சரியாக வைத்துவிடுவார்.

குறைகளும் உண்டு. சொரசொரப்பான சிமென்ட் தரையிலும் கம்பளத்திலும் பிடிப்பு சுமார். ஹாலஜன் விளக்கின் உடம்பில் ஒட்டவே ஒட்டாதீர்கள், பசை உருகி வழியும். காலர் மைக்கைத் தோலில் ஒட்டவும் இது ஆகாது. அதற்கு மருந்துக்கடை டேப்பே சரி. சித்திரை வெயிலில் காருக்குள் விட்ட சுருள் ஓரமெல்லாம் பிசுபிசுத்து, பிரிக்கும்போது கோணலாகக் கிழியும். படுக்கவைத்து, நிழலில், பாலித்தீன் பையில் போட்டு வையுங்கள்.