கழித்தல் நாலு சதவீதமும் சின்னம்மாவின் தேங்காயும்

கனடாவிலிருந்து இலங்கைக்கு, ஊருக்குப் போகிறவனிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் சாமான்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: சொக்லேட், வலித் தைலம், பிள்ளைகளுக்குச் சப்பாத்து. இந்த முறை சின்னம்மா கேட்டது வேறு. "வர்ற வழியில தேங்கா மலிவா கெடச்சா நாலு வாங்கிட்டு வாய்யா. இங்க ஒன்னு இருநூறத் தாண்டிருச்சு." பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். 2025 ஜனவரி இரண்டாம் கிழமை அவிசாவளையில் பஸ் நின்றபோது இறங்கி விலை கேட்டேன். ஒன்று 190. நாலை வாங்கிச் சீட்டுக்கு அடியில் வைத்தேன். கித்துல்கல வளைவுகளில் அவை உருண்டு முன்சீட்டுக்காரரின் காலை இடித்துக்கொண்டே வந்தன.

ஆறு வருசம் கழித்து மலையகத்து ஹட்டனுக்குப் போகிறேன். ரயிலில் போகத்தான் ஆசை. எல்ல பக்கம் போகும் ரயில்களுக்கு இணையத்தில் ஆசனம் திறந்த கையோடு தீர்ந்துவிட்டது. கனடாவின் ஸ்காபரோவில் நடுச்சாமம் வரை முழித்திருந்தும் கிடைக்கவில்லை. ஆகவே பஸ்தான். அந்த ஜனவரியில் ஆகக் குறைந்த பஸ் கட்டணம் 27 ரூபாய். 28 ஆக இருந்ததை 2024 ஒக்டோபரில் ஒரு ரூபாய் குறைத்திருந்தார்கள். பிறகு ஊருக்குள் சின்னப் பயணம் போகும்போதெல்லாம் 30 ரூபாய் நீட்டிப் பார்த்தேன். மிச்சம் மூன்று ரூபாய் ஒரு தடவைகூடக் கைக்கு வரவில்லை. குறைத்த ஒரு ரூபாய் காகிதத்தில் பயணிக்கு, கையில் கண்டக்டருக்கு. மூன்று ரூபாய்க்கு நின்று கேட்டால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் என்பதால் நானும் கேட்கவில்லை.

ஹட்டனிலிருந்து சின்னம்மாவின் தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோ ஆயிரம் ரூபாய். நான் போனபோது பெற்றோல் லீட்டர் 309 ரூபாய். 2022 ஜூன் மாதம் இதே பெற்றோல் 470 வரை போனது. அப்போது தோட்டத்துக்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டேன். "அப்பவும் ஆயிரந்தாண்ணே" என்றார் டிரைவர், கூச்சமே இல்லாமல். ஏறின வாடகை ஏன் இறங்கவில்லை என்று கேட்க வாய் வந்தது. முதல் நாளே வாக்குவாதம் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

சின்னம்மா லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், கடைசி அறையான தொங்கல் காம்பராவில் இருக்கிறார். தேங்காய்களைப் பார்த்ததும் என்னைவிட அவற்றைத்தான் முதலில் விசாரித்தார். தட்டிப் பார்த்து, காதருகே ஆட்டிப் பார்த்து, "ஒன்னு கொப்பரை ஆயிருச்சு, பரவால்ல" என்றார். ஹட்டன் கடையில் அதே அளவு தேங்காய் 215. எங்கள் மலையில் தென்னை காய்க்காது. குருணாகல், புத்தளம், கம்பஹா பக்கமிருந்து லொறி ஏறித்தான் வரவேண்டும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மலையேறும் டீசல் எல்லாம் அந்த ஓட்டுக்குள் இருக்கிறது. அந்த வருசம் காய்ப்பே குறைவு. முந்தைய வெயில், உரம் போடாமல் விட்ட வருசங்கள், வெள்ளை ஈ, குரங்கு என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும்.

லயத்துச் சாப்பாட்டைத் தெரிந்தவர்களுக்குத் தேங்காயின் இடம் தெரியும். காலையில் ரொட்டி மாவில் தேங்காய்ப்பூ, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பல், மத்தியானம் பருப்பில் பால். நான் போன வாரம் ரொட்டி வெறும் மாவும் உப்புமாக வந்தது. சம்பலில் வெங்காயம் கூடியிருந்தது. சின்னம்மாவின் கணக்கு எந்தப் புள்ளிவிபரத்தையும்விடச் சுருக்கம்: நாட்சம்பளத்துக்கு எத்தனை தேங்காய்? 2021-ல் நாட்சம்பளம் ஆயிரமானபோது பத்துக்குக் குறையாமல் வாங்கலாமாம். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு 8 சதவீதம் வெட்டினால் கையில் 1242. அதில் தேங்காய் வாங்கினால் ஆறு கூட முழுதாக வராது. "சம்பளம் ஏறிச்சு, தேங்கா கொறஞ்சிருச்சு." அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம் மட்டும், போட்ட நாள் என்றால் மூன்றுகூட இல்லை.

அரிசிக் கதை இன்னொரு விதம். டிசம்பரில் வர்த்தமானி போட்டு நாட்டரிசி கிலோ 230, சம்பா 240, கீரி சம்பா 260 என்று உச்ச விலை வைத்திருந்தார்கள். பொங்கலுக்கு முதல்நாள் டவுனில் நான்கு கடை ஏறி இறங்கினோம். விலைப்பலகையில் 230 என்று எழுதியிருந்தது, மூட்டையில் நாட்டரிசி இல்லை. "கீரி சம்பா இருக்கு, தரவா?" என்றார்கள். இல்லாத சாமானின் விலையை எந்தக் கணக்கில் எழுதுவது? உப்பும் அப்படித்தான், இருந்த கடையில் ஆளுக்கு ஒரு பக்கெட். சுற்றிக் கடலை வைத்துக்கொண்டு இந்தியாவிலிருந்து உப்பு இறக்குகிறோம் என்று பத்திரிகையில் வாசித்துச் சின்னம்மாவுக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பொங்கல் முடிந்து நுவரெலியாப் பக்கம் கந்தப்பளைக்கு, மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர்கள் குத்தகைக்கு எடுத்துக் கரட்டும் லீக்ஸும் போடுகிறார்கள். 2024 ஜனவரியில் கரட் கிலோ 2000 ரூபாய்க்குப் போன கதையை இன்னும் திருவிழாவைப் போலச் சொல்கிறார்கள். அந்த மழையில் தோட்டம் அழுகாமல் தப்பியவன்தான் ராஜா. மச்சானுடையது அழுகிப் போனது. இந்த வருசம் விலை அதில் பாதிகூட இல்லை. அவர் கழுவி மூட்டை கட்டும் கரட் லொறியேறிக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் போகிறது. பக்கத்து டவுன் கடைக்கு வரும் கரட்டும் மொத்தச் சந்தையைச் சுற்றி வந்ததுதான் என்றார். வயலில் அவருக்குக் கிடைக்கும் விலைக்கும் ஹட்டனில் சின்னம்மா கொடுக்கும் விலைக்கும் ஒன்றுக்கு இரண்டு. தேங்காய்க்காவது தூரத்தைச் சொல்லலாம். கண்ணுக்கு எட்டிய மலையில் விளைந்த கரட்டுக்கு என்ன சொல்வது?

ஜனவரி 31 வெள்ளிக்கிழமை தலைப்பில் சொன்ன அந்த எண் வந்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதக் கடைசியில் வெளியிடும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2024 ஜனவரியோடு பார்த்தால் விலைவாசி கழித்தல் 4 சதவீதம். கூடிய வேகம் குறைந்தது என்றில்லை, விலையே இறங்கிவிட்டது என்று அர்த்தம். 2022 செப்டெம்பரில் இதே சுட்டெண் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. 2024 செப்டெம்பரில் கழித்தலுக்குள் இறங்கியது அங்கேயே நின்றது. தம்பி கைப்பேசியில் வாசித்துக் காட்ட, சின்னம்மா, "எந்த ஊர்ல?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நேரான பதில் உண்டு: கொழும்பு மாவட்டத்தின் நகரப் பகுதிகளில். மூன்று கிழமை பிந்தித் தேசியச் சுட்டெண் என்று நாடு முழுக்கச் சேர்த்த இன்னொன்று வரும், செய்தியில் அடிபடுவது முதலாவதுதான். இரண்டிலும் கூடை, அதாவது விலை பார்க்கும் சாமான்களின் பட்டியல், வேறு. கொழும்புக் கூடையில் சாப்பாட்டுக்குக் கால் பங்குக்குச் சற்று மேல், தேசியக் கூடையில் ஏறக்குறைய 40 சதவீதம். சின்னம்மாவின் கூடையில் என்ன பங்கு என்று அன்று இரவு கணக்குக் கொப்பியை வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். கடைக் கடன் போக மிஞ்சியதில் முக்கால்வாசி வாய்க்குத்தான் போகிறது. கூடைகள் கட்டப்பட்டதும் 2019 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வைத்து. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பால்மா நின்று தேத்தண்ணி வெறும் சாயமாகிவிட்டது.

பிறகு எது இறங்கியது? பெரும் பங்கு மின்சாரம். 2024-ல் மார்ச்சிலும் ஜூலையிலும் கட்டணம் வெட்டினார்கள், 2025 ஜனவரி 17-ல் மறுபடி சராசரி 20 சதவீதம். ஏசி, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டர் ஓடும் கொழும்பு வீட்டுக்கு அது நல்ல காசு. மரக்கறியும் சேர்ந்து எண்ணைக் கீழே இழுத்தது. போன தையில் கரட் 2000-க்கு நின்றதால் இந்தத் தை மலிவாகத் தெரிகிறது. மச்சானின் நட்டந்தான் சுட்டெண்ணின் இறக்கத்துக்கு ஒரு கை கொடுத்திருக்கிறது.

சின்னம்மா வீட்டில் இரண்டு பல்ப், ஒரு டிவி, தம்பியின் சார்ஜர். மாசம் 28 யூனிட். 30 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு யூனிட் 6 ரூபாயிலிருந்து 4-க்கும், நிலைக்கட்டணம் 100-லிருந்து 75-க்கும் இறங்கியது. வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 268 ரூபாய் பில் 187 ஆகிறது. மிச்சம் 81 ரூபாய். சதவீதத்தில் 30, தேங்காயில் பாதிகூட இல்லை. நாட்டின் விலைவாசியைக் கழித்தலுக்கு இழுத்துப்போன இறக்கம் அந்தக் காம்பராவுக்குள் அவ்வளவுதான் வந்தது.

நான் இருக்கும் நாட்டிலும் மாதம் ஒருமுறை விலைச் சுட்டெண் வரும். அங்கே மாகாணம் மாகாணமாகப் பிரித்துப் போடுவார்கள். ஒன்ராறியோவில் என்ன ஏறியது, நியூஃபவுண்ட்லாந்தில் என்ன இறங்கியது என்று பார்க்கலாம். நான் கிளம்பும்போது கூட்டாட்சி அரசு சாப்பாட்டுக் கடை விற்பனை வரியை இரண்டு மாதத்துக்கு நிறுத்தியிருந்தது. அதுவும் அந்த எண்ணில் உடனே தெரியும். அதற்காக ஸ்காபரோவில் வாடகை கட்டுகிறவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்றில்லை. இலங்கையிலும் மாவட்டக் கணக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் அது வறுமைக்கோட்டுக்கு: ஒரு ஆள் அடிப்படைத் தேவையோடு மாதம் ஓட்ட எவ்வளவு வேண்டும் என்பது. அந்த ஜனவரிக்கு நாட்டுச் சராசரி 16,300 ரூபாய்க்குச் சற்று மேல். கொழும்பு மாவட்டம் ஆகக் கூட, மொனராகலை ஆகக் குறைவு. நாலு பேருக்கு 65 ஆயிரம். சேமலாப நிதி வெட்டுக்கு முன்னாலான 1350-ஐ 25 நாளால் பெருக்கினால் 33,750. இருவர் மலைக்கு வேலைக்குப் போனால்தான், அதுவும் ஒரு நாள் தவறாமல் போனால்தான் எட்டும்.

மற்ற விசயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கனேடிய டாலருக்கு 200 ரூபாய்ச் சொச்சம் கிடைத்தது. டவுனில் வங்கி அட்டை பல இடத்தில் செல்லும், தோட்டக் கடையில் கடன் கொப்பிதான். சிம் நல்லது, மலை மடிப்பில் மட்டும் சிக்னல் போய்விடும். சலூனில் 2022-ல் ஏற்றிய கூலி அப்படியே நிற்கிறது. சாப்பாட்டுக் கடையில் பார்சல் விலை இறங்கவில்லை, சம்பல்தான் இறங்கியிருக்கிறது. முன்பு குவியலாக வைப்பார்கள், இப்போது ஒரு நுள்ளு. மூன்று கிழமையில் நான் கூலி கொடுத்த எந்த வேலையும் போன வருசத்தைவிட மலிவாக இல்லை. அரிசியும் கரட்டும் ஏறி இறங்கும். ஆள் கைபட்ட வேலைக்கு ஏற மட்டும்தான் தெரிகிறது.

திரும்பும் நாள் அதே ஆட்டோ. இம்முறை கேட்டே விட்டேன்: பெற்றோல் 470-லும் ஆயிரம், 309-லும் ஆயிரம், இது என்ன நியாயம்? அவர் கோபப்படவில்லை. 2020-லிருந்து புது வண்டி இறக்குமதி இல்லாததால் பழசை யானை விலைக்கு வாங்கியது, லீசிங், டயர் என்று அடுக்கிக்கொண்டு வந்து, பிறகு திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணே, நீங்க பெற்றோல் வெலய மட்டும் கேக்குறீங்க. எங்க வீட்ல அஞ்சு பேரு. இன்னைக்கு தேங்கா என்ன வெலன்னு தெரியுமா?"

"215" என்றேன்.

"225" என்று திருத்திவிட்டு, மல்லியப்பூச் சந்திக்கு இறங்கும் சரிவில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஆட்டோவைச் சும்மா உருளவிட்டார்.