மேடிசனா, மேசனா: குழந்தைப் பெயரான இரண்டு குடும்பப் பெயர்கள்

இரண்டுமே ஆங்கிலக் குடும்பப் பெயர்கள். இரண்டுமே அமெரிக்காவில் குழந்தைப் பெயர்ப் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியவை. வந்த வழிதான் வேறு.

மேசன் நேர்வழியில் வந்தது. கல் கட்டும் கொத்தனாரின் தொழிற்பெயர் பரம்பரைப் பெயராகி, அப்புறம் பையன்களுக்கு வைக்கும் பெயரானது. பட்டியலில் ஏறி, 2011இல் 2ஆம் இடம் பிடித்தது.

மேடிசன் கதைதான் சுவாரசியம். 'சன்' என்றால் மகன். அப்படி முடிகிற பெயரைப் பெண் குழந்தைகளுக்குக் கொண்டுபோனது 1984இல் வந்த 'ஸ்பிளாஷ்' திரைப்படம். நியூயார்க் வரும் கடற்கன்னிக்குப் பெயர் வேண்டும். மேடிசன் அவென்யூவில் நிற்கும்போது காதில் விழுந்த அந்தத் தெருப் பெயரையே தனக்கு எடுத்துக்கொள்கிறாள். அதெல்லாம் ஒரு பெயரா என்கிறான் நாயகன். தெருவுக்கோ அது அதிபர் ஜேம்ஸ் மேடிசனால் வந்த பெயர். படம் வந்த மறு வருஷமே மேடிசன் பெண் பெயர்களின் முதல் ஆயிரத்தில் நுழைந்து, 2001இலும் 2002இலும் 2ஆம் இடத்தில் நின்றது.

என்னைக் கேட்டால் மேசன்தான். மேடிசன் என்றதுமே எந்தக் காலத்தில் பிறந்தவள் என்று ஊகித்துவிடலாம். மேசனில் அந்த முத்திரை அவ்வளவு அழுத்தமாக இல்லை.