டோர் பேட் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பி செட்: 280 ரூபாய்க்கு நான் கண்டது

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு வாரம் ஒருமுறை காபித்தூள் கொண்டுபோகிறவன் நான். வண்டி 2009 வேகன் ஆர், கையால் சுற்றிக் கண்ணாடி ஏற்றுகிற மாடல். ஆரியங்காவு ஏற்றத்தில் டிரைவர் கதவு கடகடவென்று தொடங்கினால் பதின்மூன்று கண் பாலம் தாண்டியும் ஓயாது. போன வருடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பிக் கழற்றினார்கள். அதிலிருந்து டோர் பேடின், அதாவது கதவின் உள்பக்க மூடியின், கீழ் ஓரம் விரல் நுழைகிற அளவுக்கு விலகியே இருந்தது. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று ஆன்லைனில் இந்த ஐந்து துண்டு செட்டை வாங்கினேன்.

துண்டுகளில் எனக்கு உதவியவை இரண்டுதான். அகலமான பட்டை ஒன்று, நுனி பிளந்த ஒன்று. பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கிறது, பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. மற்ற மூன்றும் எதற்கென்று இன்னும் பிடிபடவில்லை.

நெம்புவதற்கு முன் ஸ்க்ரூக்களை எடுத்துவிட வேண்டும்: உள் கைப்பிடிக் குழிக்குள் ஒன்று, கை பிடித்துச் சாத்துகிற இடத்தில் இரண்டு. கண்ணாடி சுற்றும் கைப்பிடிக்கு ஸ்க்ரூ கிடையாது, பின்னால் ஒரு வளைந்த கம்பி லாக். பழைய துணியைக் கைப்பிடிக்கும் வட்டத் தட்டுக்கும் நடுவில் விட்டு, முதுகு தேய்ப்பதுபோல இப்படியும் அப்படியும் இழுத்தால் தெறித்து வரும். என்னுடையது துளசி மாடம் வரை தெறித்தது. வீட்டுக்காரிதான் தேடித் தந்தாள்.

பேட் கையோடு வந்ததும் காரணம் தெரிந்தது. பேடைக் கதவோடு பிடித்துவைக்கும் ஒன்பது கிளிப்பில் நான்கைக் காணோம். மழைத் தண்ணீர் வண்டிக்குள் வராமல் தடுக்க உள்ளே இருக்கும் பாலித்தீன் ஷீட்டையும் கிழித்து அப்படியே விட்டிருந்தார்கள். சாரல் காலத்தில் கால்மிதியடி நாறியதற்கு நாயைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். ஷீட்டை பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) போட்டு ஒட்டினேன்.

செட்டோடு வந்த இருபது கிளிப்புகள் வீண். தலை பெரியது, கழுத்து மெலிசு, துளையில் ஆடுகிறது. பழைய கிளிப் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தென்காசிக்குப் போனேன். ஸ்பேர்ஸ் கடை அண்ணாச்சி அதை நகத்தால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறந்தார். ஒன்று எட்டு ரூபாய். கதவில் வைத்துத் தட்டியதும் டக்கென்று உட்கார்ந்தது.

இன்னொன்று: டிரைவர் கதவைச் சாரல் விழுகிற காலையில் கழற்றியதில், மிச்சமிருந்த ஐந்தில் மூன்று கிளிப் ஒடிந்தன. குளிரில் பழைய பிளாஸ்டிக் விறைத்துக்கொள்ளும். இடது கதவுக்கு வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கை வைத்தேன், ஒன்றுதான் போனது.

நெம்பிக்கு ஐந்துக்கு நாலு, கிளிப்புக்கு சைபர். பின்கதவு இரண்டும் பாக்கி. இங்கே நான்கு நாளாக வெயிலைக் காணோம்.