2024 டி அண்ட் டி: ஆயுதம் தேறிவிட்டது, கவசம் இன்னும் தேறவில்லை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதாபாத்திர விளையாட்டின் 2024 விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஆயுதமும் கவசமும் வரும் பகுதியை மட்டும் இங்கே பார்க்கப்போகிறேன், மந்திரங்களைப் பற்றிப் பேச ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 384 பக்கம், வெளிவந்தபோது அமெரிக்காவில் 50 டாலர், படங்கள் பிரமாதம்.

2014 பதிப்பில் ஆயுதம் எடுப்பது என்றால் காயத்தின் அளவைச் சொல்லும் பகடையைத் தேர்ந்தெடுப்பது, அவ்வளவுதான். லாங்ஸ்வார்டு, போர்க்கோடரி, போர்ச்சுத்தியல் மூன்றுக்கும் ஒரே எட்டு முகப் பகடை, இரண்டு கையால் பிடித்தால் பத்து முகம். எலும்புக்கூடு எதிரே வந்தால் மட்டும் சுத்தியலுக்குக் கொஞ்சம் மவுசு, மற்ற நேரத்தில் எதை வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். இப்போது வந்திருக்கும், ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனி வித்தை தரும் வெப்பன் மாஸ்டரி விதி அதை நன்றாகவே சரிசெய்திருக்கிறது. லாங்ஸ்வார்டு பட்டால் எதிரியின் அடுத்த தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), கோடரி பட்டால் எதிரி கீழே விழ வாய்ப்பு, சுத்தியல் பட்டால் பத்தடி பின்னால் போவான். பாலத்தின் ஓரத்தில் நிற்கும் ஓகர் பூதத்தை அப்படியே பள்ளத்தில் தள்ளிவிடலாம், அதற்கு சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டும் பகடை) கூட கிடையாது! 'நான் அடிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபைட்டர் பிளேயர் இப்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்துவிடுகிறார், அதுவே பெரிய விஷயம்.

ஒரு குறை, கோடரி அடிக்கும் ஒவ்வொரு முறையும் எதிரிக்கு கான்ஸ்டிட்யூஷன் சேவ், அதாவது உடல் உறுதிக்கான சேவிங் த்ரோ, உருட்ட வேண்டும். ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்கு ஒரு டர்னில் இரண்டு தாக்குதல், இரண்டுமே பட்டால் ஆட்டத்தை நடத்தும் டிஎம் இரண்டு முறை உருட்டுவார், இது போதாதென்று பார்பேரியனும் கோடரி எடுத்துவிட்டால் சண்டை ஆமை வேகம்தான்.

சரி, கவசத்துக்கு வருவோம். அட்டவணை கிட்டத்தட்ட 2014-இல் இருந்தது அப்படியே. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான், ஏனென்றால் ஆயுதத்துக்கும் கவசத்துக்கும் நடுவில் எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லை. 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் முழுத் தகட்டுக் கவசம் போட்ட ஒருவனை வாளால் வெட்டி ஒன்றும் ஆகாது. அதனால்தான் வாளின் அலகையே ஒரு கையால் பிடித்துக்கொண்டு அக்குள், முகமூடி இடுக்கு என்று தேடிக் குத்தினார்கள், இல்லாவிட்டால் சுத்தியலோ போலாக்ஸோ (நீண்ட தண்டில் பொருத்திய கோடரி அல்லது சுத்தியல்) எடுத்தார்கள், கீழே சாய்த்து ரோண்டல் குத்துவாளால் முடித்தார்கள். இந்தப் புத்தகத்தில் நடப்பதோ தலைகீழ். பிளேட், அதாவது முழுத் தகட்டுக் கவசம், போட்டவனுக்கு ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 18. முதல் லெவல் ஃபைட்டர் இருபது முகப் பகடையோடு +5 கூட்டிக்கொள்வதால் 13 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும், அதாவது நூற்றுக்கு அறுபது முறை அடி தவறும். ஆனால் கையில் கிரேட்ஸ்வார்டு (இரண்டு கையால் பிடிக்கும் பெரிய வாள்) இருந்தால், அதன் மாஸ்டரியால் தவறினாலும் வலிமை மாடிஃபையர் (வலிமைக்காகக் கூட்டும் எண்) அளவுக்குக் காயம் உண்டு. பிளேட்டுக்கு எதிராக உருவான சுத்தியலுக்கு அந்தச் சலுகை இல்லை, போலாக்ஸ் பட்டியலிலேயே இல்லை, குத்துவாளுக்கு வழக்கம்போல நாலு முகப் பகடை.

பேடட் ஆர்மர் இன்னும் மோசம். பல அடுக்குத் துணி தைத்த அந்தச் சட்டை சாதாரணப் படைவீரனுக்கு உயிர்நாடி, தனியாகவும் போட்டார்கள், சங்கிலிக் கவசத்துக்கு அடியிலும் போட்டார்கள். இங்கே அதற்கு ஆர்மர் கிளாஸ் 11, மேலும் பதுங்கிப் போனால் டிஸ்அட்வான்டேஜ். மார்பை மறைக்கும் இரும்பு பிரெஸ்ட்பிளேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, துணிக்கு உண்டாம்! ஸ்டடட் லெதரும் விடாமல் தொடர்கிறது. தோலில் வெறும் ஆணி அடித்தால் என்ன பாதுகாப்பு? பிரிகண்டைன் என்ற நிஜக் கவசத்தில் வெளியே தெரியும் ஆணித் தலைகள் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளைப் பிடித்துக்கொள்பவை, தகட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அலங்காரம்தான்.

எடையில் வாள்கள் தப்பித்துவிட்டன, லாங்ஸ்வார்டு சுமார் 1.4 கிலோ, நிஜத்துக்குப் பக்கம். பிளேட் மட்டும் 29 கிலோவைத் தாண்டுகிறது, போர்க்களத்துக்கான நிஜக் கவசங்கள் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ. பிளேட் மாதிரி கனமான கவசம் மாட்டப் பத்து நிமிடம், கழற்ற ஐந்து நிமிடம் என்ற விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், நடுராத்திரி முகாமில் தாக்குதல் வந்தால் கனமான கவசம் போடும் பாலடின் வீரர் வெறும் சட்டையோடு ஓடி வர வேண்டியதுதான்.

இதெல்லாம் செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. டி அண்ட் டி-க்கு முன்னோடியான 1971 செயின்மெயில் விதிகளிலேயே எந்த ஆயுதம் எந்தக் கவசத்தை எப்படித் தாக்கும் என்று அட்டவணை இருந்தது, 1978 அட்வான்ஸ்டு பதிப்பிலும் இருந்தது, ஒவ்வொரு அடிக்கும் அதைப் புரட்டுவது பெரும் தலைவலி என்பதும் உண்மைதான். கர்ப்ஸ் என்ற இன்னொரு கதாபாத்திர விளையாட்டில் கவசம் காயத்திலிருந்து கழிக்கும், சங்கிலிக் கவசம் வெட்டுக்கு நன்றாகத் தாங்கும், மழுங்கிய அடிக்குக் குறைவாகத் தாங்கும், கணக்கும் அவ்வளவு கஷ்டமில்லை. நிஜத்துக்கு நெருக்கமான சண்டை வேண்டுமென்றால் அங்கே போய்விடுங்கள்.

ஆயுதப் பகுதிக்கு ஐந்துக்கு நாலு, கவசத்துக்கு இரண்டு, அதுவும் மாட்டும் நேர விதிக்காக. இந்த அட்டவணைகளுக்காக மட்டும் காசு செலவழிக்காதீர்கள், 2025-இல் வந்த எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, மாஸ்டரி உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. அப்புறம் உங்கள் டிஎம்மிடம் பேசி பேடட் ஆர்மரின் அந்த டிஸ்அட்வான்டேஜை மட்டுமாவது எடுத்துவிடச் சொல்லுங்கள்.