வகுப்பா, வட்டமா, வாட்ஸ்அப்பா? புதுப் பெற்றோருக்கு எது கைகொடுக்கும்

முதல் பிள்ளைக்கு நான் போனது பிரசவ வகுப்பு. ஆறு வாரம், வாரம் இரண்டு மணி நேரம். ஒரு நாள் ஆளுக்கொரு ரப்பர் பொம்மையைக் கொடுத்து டயபர் மாட்டச் சொன்னார்கள். என் கணவர் ஒரே நிமிடத்தில் மாட்டி முடித்துவிட்டு அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பொம்மை காலை உதைக்காது, முதுகு வரை நனைக்காது என்பது அங்கே இருந்த யாருக்கும் உறைக்கவில்லை. குழந்தை பிறந்த பதினெட்டாம் நாள் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிக் கிடந்தபோது, வகுப்பில் கொடுத்திருந்த எண்ணுக்கு போன் செய்தேன். “மேடம், எங்க வகுப்பு டெலிவரி வரைக்கும்தான்” என்றார்கள். பொய் சொல்லவில்லை. அட்டையிலேயே அப்படித்தான் அச்சடித்திருந்தது. நான்தான் படிக்கவில்லை.

இரண்டாவது முறை ஏழாம் மாதத்திலேயே உஷாராகிவிட்டேன். வீட்டுக்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறை கூடும் பெற்றோர் வட்டம், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு, சில வாரங்கள் வீட்டுக்கு வந்துபோன ஒரு தன்னார்வலர், பிள்ளைக்கு மூன்று மாதமானதும் ஒரு பாட்டு வகுப்பு என்று அநேகமாக எல்லா ரகத்தையும் ஒரு கை பார்த்தாயிற்று. எது நல்லது என்று இப்போது யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிரசவமாகி இரண்டு வாரத்துக்கும் ஆறு வாரத்துக்கும் நடுவில் அது உங்களுக்கு என்ன செய்யும்?

ஏன் அந்த நான்கு வாரம்? பிரசவத்துக்குப் பிறகு தாயையும் சேயையும் குறைந்தது நான்கு முறை பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்: முதல் 24 மணி நேரத்தில், 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7 முதல் 14 நாட்களுக்குள், அப்புறம் ஆறாவது வாரத்தில். கடைசி இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மாதம் வெறுமனே கிடக்கிறது. குழந்தையின் அழுகை ஏறுவதும் அந்த மாதத்தில்தான். பொதுவாக இரண்டாவது வாரத்திலிருந்து கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தணியும். பிரசவத்துக்குப் பின் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பலருக்கும் உண்டு. அது இரண்டு வாரத்தில் தானாக வடிந்துவிட வேண்டும். வடியாமல் நீண்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதாவது, எது சாதாரணம் எது நோய் என்று பிரிகிற புள்ளியில் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. பார்க்க வந்தவர்கள் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள், கணவரின் விடுப்பும் தீர்ந்திருக்கும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பிரசவ வகுப்பு பாதி மதிப்பெண்தான் வாங்கும். வலி எப்படி ஏறும், எப்போது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், சிசேரியன் என்றால் என்ன நடக்கும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய வகுப்புகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2007ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, இவற்றின் பலன் என்னவென்று பெரும்பாலும் தெளிவாகவில்லை என்றுதான் சொன்னது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. பிரசவம் ஒரு நாளில் முடிகிறது. அதற்கு ஆறு வாரப் பாடம். அதற்குப் பின்னால் வரும் வருடங்களுக்கு ஒரே ஒரு ரப்பர் பொம்மை.

வகுப்புக்கும் வட்டத்துக்கும் நடுவில் ஒரு கலப்பு ரகம் இருக்கிறது. குழுவாகப் பேறுகாலப் பரிசோதனை. ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிரசவமாகப் போகிற எட்டு முதல் பன்னிரண்டு பெண்கள் ஒன்றாக வருவார்கள். எடையையும் ரத்த அழுத்தத்தையும் தாங்களே பார்த்துக் குறித்துக்கொள்வார்கள், மருத்துவச்சி ஒவ்வொருவரையும் தனியாகச் சில நிமிடம் பார்ப்பார், மிச்ச நேரம் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. அமெரிக்காவில் 1,047 இளம் பெண்களிடம் நடந்து 2007இல் வெளியான ஒரு சோதனையில், குழுவில் இருந்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் 9.8 சதவீதம், தனித்தனியாகப் பார்க்கப்பட்டவர்களுக்கு 13.8. இருந்தாலும் உலக சுகாதார நிறுவனம் 2016இல், இதை முறையான ஆய்வின் பகுதியாக மட்டும் செய்து பாருங்கள் என்று எச்சரிக்கையாகவே சொன்னது. எனக்குப் பிடித்தது வேறொன்று: பிரசவத்துக்கு முன்பே பழகிய முகங்கள் பின்னாலும் இருக்கும். உங்கள் மருத்துவமனையில் இது இருந்தால் யோசிக்காமல் பெயர் கொடுத்துவிடுங்கள். பல இடங்களில் கிடையாது.

சரி, வட்டத்துக்கு வருகிறேன். முதல் நாள் கதவைத் திறந்தபோது உள்ளே யாரும் எதையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. தரையில் விரிப்பு, நடுவில் நான்கைந்து கைக்குழந்தைகள், ஒன்று அடுத்ததன் காலுறையைச் சப்பிக்கொண்டிருந்தது. ஒரு பெண் சுவரில் சாய்ந்தபடி பால் கொடுத்துக்கொண்டே, “நேற்று ராத்திரி பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் அழுதேன்” என்றாள். யாரும் பதறவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. “நான் போன வாரம், வாஷிங் மெஷின் மேல் சாய்ந்துகொண்டு” என்று எதிரிலிருந்து ஒரு குரல். இருவரும் சிரித்தார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, முதல் பிள்ளையின்போது நான் ஒன்றும் பைத்தியமாகிவிடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது, மூன்று வருடம் கழித்து.

பெற்றோர் பெற்றோருக்கு உதவுகிற இந்த யோசனை புதிதில்லை. 1956இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஏழு தாய்மார்கள் கூடி, தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குக் கைகொடுக்கத் தொடங்கியதுதான் லா லெச்சே லீக். அதே வருடம் பிரிட்டனில் ஒரு பெண், பத்திரிகையில் கொடுத்த விளம்பரத்திலிருந்து முளைத்தது, புதுப் பெற்றோருக்குக் கைகொடுக்கும் இன்றைய என்.சி.டி. தொண்டு அமைப்பு. வங்கதேசம், இந்தியா, நேபாளம், மலாவி ஆகிய நாடுகளில் நடந்த ஏழு சோதனைகளைத் தொகுத்து 2013இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. பெரும்பாலும் கிராமங்களில், பெண்கள் குழுவாக உட்கார்ந்து தங்கள் பிரச்சினைகளைத் தாங்களே அலசி, தாங்களே வழி தேடிய இடங்களில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு 23 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவ வசதி குறைந்த இடங்களின் கணக்கு அது, எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் சொற்பொழிவு கேட்பதற்கும் கூடிப் பேசி முடிவெடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரிகிறது.

வட்டத்தின் குறை என்ன? பச்சை உடம்போடு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். மூன்றாவது வாரத்தில், தையல் வலியோடு, பிள்ளையைத் துணியில் சுற்றி, பையை எடுத்து, வாசலுக்கு வரும்போது அது டயபரை நிறைத்துவிடும். திரும்பி உள்ளே போய் எல்லாம் முதலிலிருந்து. நான் முதல் மாதத்தில் நான்கு கூட்டங்களில் ஒன்றுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன், அதுவும் முக்கால் மணி நேரம் தாமதமாக. தாமதமாக வருபவரை முறைக்கும் வட்டம் உங்களுக்கு ஆகாது. இருமலோடு வருபவரைத் திருப்பி அனுப்பாத வட்டமும் ஆகாது. தடுப்பூசி முழுதாகப் போட்டு முடிக்காத குழந்தைகள் அங்கே கிடக்கின்றன.

வெளியே கிளம்ப முடியாதவர்களுக்கு போன் துணை இருக்கிறது. பலர் இதை இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள், அது தப்பு. கனடாவின் ஒன்டாரியோவில், மனச்சோர்வு வரும் அபாயம் அதிகமாக இருந்த 701 புதுத் தாய்மார்களை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2009இல் வெளியானது. அவர்களில் ஒரு பாதிக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். மறுபாதிக்கு, முன்பு அதே மனச்சோர்விலிருந்து மீண்ட ஒரு தாய் போனில் பேசினார். அந்தத் தன்னார்வலர்களுக்கு நான்கே மணி நேரப் பயிற்சி. பன்னிரண்டாவது வாரத்தில் பார்த்தபோது, போன் துணை இருந்தவர்களில் 14 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள். இல்லாதவர்களில் 25 சதவீதம். வழி தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டு “இன்றைக்கு எப்படி?” என்று கேட்டதுதான் வித்தியாசம். என் அளவுகோலில் இதுதான் முதலிடம். கஷ்டம் என்னவென்றால், முறையாக இதை நடத்தும் அமைப்புகள் எல்லா ஊரிலும் இல்லை. வட்டத்தில் பழகிய ஒருவரிடம் எண்ணை வாங்கி, “மூன்றாவது வாரம் என்னைக் கூப்பிடுங்கள், நான் கூப்பிட மாட்டேன்” என்று சொல்லிவைப்பதே நடைமுறை. நான் அப்படித்தான் சொல்லிவைத்தேன். கூப்பிட்டாள்.

அப்போ வாட்ஸ்அப் குழு போதாதா? விடிகாலை 3.10க்கு “யாராவது முழிச்சிருக்கீங்களா?” என்று தட்டினால், இரண்டே நிமிடத்தில் மூன்று கை உயரும். அந்த நேரத்துக்கு அதை அடித்துக்கொள்ள வேறெதுவும் கிடையாது. சின்னதாகிப்போன உடுப்பு, யாருக்கும் தேவைப்படாத தொட்டில் எல்லாம் கைமாறுவதும் அங்கேதான். ஆனால் அதே குழுவில், ஒரு மாதக் குழந்தைக்கு விக்கல் என்றதும், “தண்ணி குடுங்க” என்று ஐந்து பேர் எழுதினார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எழுதிய ஐந்து பேரும் அன்பாகத்தான் எழுதினார்கள், அதுதான் சிக்கல். குழுவில் ஒரு செவிலியரோ மருத்துவச்சியோ இல்லையென்றால், உடுப்புக்கும் தைரியத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், வைத்தியத்துக்கு வேண்டாம். மற்றவர்களின் பிள்ளை மூன்றாம் மாதமே குப்புற விழுந்த வீடியோக்கள் உங்களை உறுத்தினால் சத்தத்தை அணைத்துவிடுங்கள்.

குழந்தைக்கான பாட்டு வகுப்பு, மசாஜ் வகுப்பு, நீச்சல் போன்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பிறந்த குழந்தையின் பார்வை 20 முதல் 30 சென்டிமீட்டர் வரைதான் தெளிவாக எட்டும். தூக்கி வைத்திருப்பவரின் முகம் இருக்கும் தூரம் அது. முதல் மாதங்களில் அதற்கு உங்கள் முகமே போதும். காசு கொடுத்துச் சேர்வது உண்மையில் உங்களுக்காகத்தான், அதில் வெட்கமில்லை. ஆனால் முக்கால் மணி நேரமும் பாடிக்கொண்டே இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் எப்போது பேசுவது? எங்கள் வகுப்பில் பாட்டு முடிந்து, செருப்பு மாட்டும்போது நடந்த கால் மணி நேரப் பேச்சுதான் சரக்கு. நூலகங்களில் நடக்கும் இலவசக் கதை நேரத்திலும் அதே கால் மணி நேரம் கிடைக்கும்.

தன்னார்வலர் வீட்டுக்கு வருவது, வீட்டில் வேறு ஆளே இல்லாதவர்களுக்கு, இரட்டைக் குழந்தை பெற்றவர்களுக்கு, ஏற்கெனவே ஒரு சின்னப் பிள்ளை இருப்பவர்களுக்கு வரம். பிரிட்டனில் லெஸ்டர் நகரில் 1973இல் தொடங்கிய ஹோம்-ஸ்டார்ட் இந்த ரகத்தின் பழைய உதாரணம். என் வீட்டுக்கு வந்தவர் முதல் நாள் குழந்தையைக் கையில் வாங்கவே இல்லை. “நீ பிள்ளையோடு படு” என்று சொல்லிவிட்டு மூத்தவனைக் கூட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினார், ஒரு மணி நேரம். கூச்சம்தான் இதன் தடை. அலங்கோலமான வீட்டை அந்நியருக்குத் திறந்துவிட எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அப்பாக்களை இந்த ஏற்பாடுகளில் பாதி மறந்தே போகின்றன. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2010ஆம் ஆண்டுப் பகுப்பாய்வின்படி, மனைவியின் கர்ப்ப காலத்துக்கும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கும் நடுவில் பத்தில் ஒரு அப்பாவுக்கு மனச்சோர்வு வருகிறது. புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூடும் வட்டத்துக்கு வேலைக்குப் போகும் எந்த அப்பா வர முடியும்? என் கணவர் போய் நிலைத்தது சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடக்கும் ஒரு சின்னக் கூட்டத்தில். எதிரெதிரே உட்கார்ந்து பேசச் சொன்னால் வாய் திறக்காதவர்கள், பக்கத்தில் நடந்தால் பேசுகிறார்கள் போலிருக்கிறது.

இலவசம் என்று வரும் அழைப்புகளில் மட்டும் கொஞ்சம் நிதானம். பால் மாவு நிறுவனங்கள் கர்ப்பிணிகளையும் தாய்மார்களையும் நேரடியாக அணுகக் கூடாது என்பது 1981இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற நெறிமுறை. ஆனாலும் இணையத்தில் ‘பெற்றோர் மன்றம்’ மாதிரியான பெயர்களில் அவை நுழைவதை உலக சுகாதார நிறுவனம் 2022இல் சுட்டிக்காட்டியது. மாதிரிப் பொட்டலம் கொடுத்து, பிரசவத் தேதியையும் போன் எண்ணையும் கேட்டால், நடத்துவது யார் என்று கேளுங்கள்.

இன்னொன்று: தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் ஒருமுறை வந்தாலும் அதைக் கொண்டுபோக வேண்டிய இடம் மருத்துவர், அன்றைக்கே. வட்டமும் வாட்ஸ்அப்பும் அதற்கு இல்லை.

நான் மறுபடி தொடங்குவதாக இருந்தால் (இல்லை, இரண்டு போதும்) பிரசவ வகுப்பை ஒரே நாள் பயிலரங்காகச் சுருக்கிக்கொண்டு, ஏழாம் மாதத்தில் வட்டத்தில் சேர்ந்து, அங்கே ஒருவரிடம் எண் வாங்கிவைப்பேன். பாட்டு வகுப்பு நான்காம் மாதத்துக்குப் பிறகு. வட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் போனில் மூன்று கேள்வி: கர்ப்பிணிகளும் வரலாமா? பாதியில் வந்து பாதியில் போகலாமா? லிப்ட் இருக்கிறதா? மூன்றாவதைக் கேட்காமல் போய், தள்ளுவண்டியை மூன்று மாடி தூக்கியவள் சொல்கிறேன்.