'நான் மயங்க மாட்டேன்' என்பவரிடம் எது எடுபடும்? ஹிப்னோதெரபியில் நேரடி வழியும் மறைமுக வழிகளும்

கண்ணை மூடுங்கள் என்றால் இமை துடிக்கத் துடிக்கத் திறந்தே வைத்திருப்பார், கை கனக்கிறது என்றால் 'எனக்கு ஒன்றும் கனக்கவில்லையே' என்பார். இப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால் உடனே, கட்டளையிடாமல் சுற்றிவளைத்து யோசனை சொல்லும் மறைமுக உத்திக்குத் தாவச் சொல்கிறார்கள். ஆனால் மறைமுகம் என்ற ஒரே பெயருக்குள் நாலைந்து முறைகள் இருக்கின்றன, எல்லாம் ஒரே தரமில்லை.

முதலில் நேரடி முறை. அமெரிக்க ஹிப்னாசிஸ் பயிற்சியாளர் டேவ் எல்மன் பாணியில் சுருக்கமாக, தெளிவாக, சில நிமிடங்களிலேயே ஆழ்நிலைக்கு, அதாவது மனம் ஒன்றிப்போகும் மயக்க நிலைக்குக் கொண்டுபோவது. மனம் ஒப்பி வந்தவருக்கு இது தாராளமாகப் போதும். மறைமுகப் பேச்சுதான் எப்போதும் மேல் என்று ஆய்வுகளும் காட்டவில்லை. அவரவருக்கு இயல்பாக உள்ள வசப்படும் தன்மைக்குத்தான் அதைவிடப் பெரிய பங்கு. சிக்கல் எங்கே என்றால், கட்டளை தெளிவாக இருப்பதால் அது தோற்பதும் தெளிவாகத் தெரிந்துவிடும். 'கையைத் தூக்க முடியாது' என்று சொல்லி அவர் தூக்கிக் காட்டிவிட்டால் அடுத்துச் சொல்வது எதுவும் ஏறாது.

அதனால் பிடிவாதக்காரரிடம் அனுமதி மொழிதான் பாதுகாப்பான தொடக்கம். 'கண் இப்போதே மூடலாம், கொஞ்சம் கழித்தும் மூடலாம், திறந்தே இருந்தாலும் சரி' என்றால் எதிர்க்க அங்கே ஒன்றுமே இல்லை.

'இந்த நாற்காலியில் ஆழ்ந்து போகிறீர்களா, அந்த நாற்காலியிலா?' என்று, எதைத் தேர்ந்தாலும் ஆழ்ந்து போவதிலேயே முடியும்படி கேட்கும் இரட்டைப் பிணைப்பை நான் கீழேதான் வைப்பேன். சூட்சுமமானவர் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் நம்பிக்கை போச்சு.

எனக்கு எல்லாவற்றிலும் மேலானது, எதிர்ப்பையே பயன்படுத்திக்கொள்வது. அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சனிடம் வந்த ஒருவரால் உட்காரவே முடியவில்லை, அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று எரிக்சன் சொல்லவில்லை. இப்படியே நடந்து ஒத்துழைக்க முடியுமா என்று கேட்டார். பிறகு வலப்பக்கம் திரும்புங்கள், நாற்காலியை நோக்கி வாருங்கள், விலகிப் போங்கள் என்று அந்த நடைக்கே வழிசொல்லி, பேச்சின் வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்தார். நடையும் தயங்கித் தயங்கிக் கடைசியில் நாற்காலியில் முடிந்தது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது மதிக்கப்பட்டது.

கதைக்குள் யோசனையைத் தூவும் முறைக்கும் எரிக்சன்தான் உதாரணம். புற்றுநோய் வலியில் இருந்த ஒரு பூ வியாபாரியிடம் தக்காளிச் செடி வளர்வதைப் பற்றிப் பேசி, நடுநடுவே ஆறுதல் சொற்களை அழுத்திச் சொன்னதை 1966இல் எழுதினார். அழகான வேலை. ஆனால் அந்த நோயாளிக்கு ஹிப்னாசிஸ் என்ற சொல்லே பிடிக்காது! இன்று ஒருவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு கதை வழியாக நுழைவதை என்னால் ஏற்க முடியாது. சம்மதம் வாங்கிவிட்டுக் கதை சொன்னாலும் கதை வேலை செய்யும்.

வேண்டுமென்றே குழப்பமாகப் பேசி, அலசும் மனத்தைத் திணறடிக்கும் குழப்ப உத்தி கடைசி. ஒவ்வொரு சொல்லையும் அலசுகிறவரிடம் சில சமயம் பலிக்கும், ஆனால் கட்டுப்பாட்டை இழந்துவிடுவோமோ என்று ஏற்கெனவே நடுங்குகிறவரை, அதுவும் பழைய கொடுமை ஏதாவது அனுபவித்தவரை, அது இன்னும் மிரட்டிவிடும்.

இவற்றில் எதை எடுப்பதற்கும் முன்னால் 'ஆழ்ந்து போனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறீர்கள்?' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். ரகசியத்தை உளறிவிடுவேன் என்ற பயம் என்றால் பொறுமையாக விளக்கினாலே பாதி எதிர்ப்பு கரையும். வீட்டில் வற்புறுத்தி அனுப்பினார்கள், எனக்கு சிகரெட்டை விட மனமில்லை என்று பதில் வந்தால், அன்றைக்கு ஹிப்னாசிஸ் தொடங்கவே வேண்டாம்.